முருகையின் பசி

பவளத்தை நாம் அறிவோம், முருகையை அறியோம். பவளத்தை அறிவோம் என்பதுகூட நகைக்கடை அளவில்தான். மாதர் இதழுக்கு உவமையாகவும், நவமணிகளுள் ஒன்றாகவும், செவ்வாய்க் கோளுக்கு உரிய கல்லாகவும் அதனை நெடுங்காலம் போற்றி வந்திருக்கிறோம். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்த பண்டங்களைச் சொல்லவந்த பட்டினப்பாலை, துகிரையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. துகிர் என்பது பவளமே. ஆனால், நம் கரையோரக் கடலில் பாறை பாறையாக வளர்ந்து கிடப்பது அந்தத் துகிர் அன்று, அது முருகை. தமிழகத்தார் இதனைப் பவளப்பாறை என்று சொல்லிவிடுவர். ஈழத்தவராகிய நாம் முருகைக்கல் என்று தனிச்சொல் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலை ஒருமுறை தடவிப் பார்த்தவருக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கை உள்ளங்கையெல்லாம் உராய்ந்து சொல்லிவிடும்.

இரண்டு சொற்கள் இருப்பது நல்லது என்றே நான் கருதுகிறேன். இதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமன்று. இவ்விரண்டு உயிர்களும் உண்டு வாழும் முறையே வேறு. நகைக்குரிய செம்பவளம் மத்தியதரைக் கடலின் மங்கிய ஆழத்தில், ஒளி குன்றிய பாறை இடுக்குகளில் வாழ்வது. நீரோட்டம் கொண்டுவந்து தருவதைப் பிடித்துத் தின்பதே அதன் பிழைப்பு. பாறை கட்டும் முருகையோ வேட்டையும் ஆடும், வேளாண்மையும் செய்யும். அந்த வேளாண்மையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால், இது செடியா விலங்கா என்ற பழைய வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

‘பவளக்கொடி’ என்ற பெயரை அறியாத தமிழர் இரார். 1934இல் தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த படத்திற்கும் அதுவே பெயர். பவளம் கடலுக்குள் படரும் ஒரு கொடி என்று நம் முன்னோர் எண்ணியதன் சுவடு அப்பெயரில் இருக்கிறது. இதற்காக நாம் நாணவேண்டியதில்லை. ஐரோப்பியரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். 1706ஆம் ஆண்டில் இத்தாலியப் பிரபுவான மார்சில்லி என்பவர், வலையில் வந்த பவளக் கிளையொன்றை உடனே கடல்நீர் நிறைந்த கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு வைத்துப் பார்த்தார். செந்நிறப் பட்டையின் மேல் எட்டு இதழ் கொண்ட வெண்மலர்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வெளியே எடுத்தால் குவிந்தன. மீண்டும் நீரில் இட்டால் மலர்ந்தன. பூ இருந்தால் செடிதானே என்று அவர் முடிவு செய்தார். முடிவு பிழை. ஆயினும், கடலின் ஒரு துளியைக் கண்ணாடிக்குள் அடைத்துப் பவளத்தின் நடத்தையைப் பொறுமையுடன் பார்த்த அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாகிறது. இன்று வீட்டில் தொட்டி வைத்திருப்போர் செய்வதும் அதுவே அல்லவா?

பிழையைத் திருத்தியவர் மார்செய் நகரத்து வைத்தியர் பெய்சொனெல். அவர் 1720களில் வடஆபிரிக்கக் கரையில் இதே மலர்களைப் பார்த்தார். தொட்டால் சுருங்குவதையும் அலைக்கேற்ப அசைவதையும் கண்டு, இவை இதழ்கள் அல்ல, ஒரு சிறு பிராணியின் கைகளே என்று எழுதியனுப்பினார். அக்கருத்தைப் பாரிசில் 1727இல் அறிஞர் அவையின் முன் வைத்த ரெயோமூர், நண்பருக்கு நகைப்பு நேரக்கூடாதென்று அவர் பெயரையே சொல்லாமல் விட்டாராம்! பின்னர் 1740களில் திரெம்பிளே என்பவர் நன்னீரில் வாழும் ஐதரா என்ற சிற்றுயிரின் இயல்பை வெளிப்படுத்தியபோதுதான் ரெயோமூரும் உண்மையை ஒப்புக்கொண்டார். பெய்சொனெல் அப்போது கரிபியன் கடலில் குவாதலூப் தீவில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, முருகை விலங்கே. அதன் ஓர் உறுப்பினைப் பொலிப்பு என்பர். ஒரு சிறு தோற்பையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேலே ஒரு வாய். வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள். கல் முருகையில் அக்கொம்புகள் ஆறாகவோ ஆறின் மடங்காகவோ அமையும், மென்முருகையில் எட்டு. உணவு புகும் வழியும் கழிவு வெளியேறும் வழியும் ஒன்றே. பைக்குக் கீழே தான் சுரந்த சுண்ணக் கிண்ணம். இப்படிப்பட்ட பைகள் ஆயிரமாயிரம் தசையால் ஒன்றோடொன்று இணைந்து நிற்பதே நாம் ஒரு முருகை என்று சுட்டும் பொருள். ஒரு பொலிப்பு உண்டது அண்டை வீட்டுப் பொலிப்புக்கும் போய்ச் சேரும். இப்படியொரு கூட்டுக்குடும்பம் மனிதருள் இப்பொழுது அருகிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில், “சேர், வீட்டில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைக்கப்போகிறேன். முருகைக்கு என்ன தீன் போடுவது?” என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் விடைக்கு முன் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. நம் நாட்டில் கல் முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைக் கடலிலிருந்து பெயர்த்து வருவது குற்றம். சுண்ணாம்புச் சூளைக்காகத் தென்மேற்குக் கரையில் வண்டி வண்டியாக முருகை எடுத்த காலம் ஒன்று இருந்தது. 1981இன் கரையோரம் பேணல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் அதைத் தடுக்க வந்தவையே. “சரி சேர், கல் முருகை வேண்டாம். வெள்ளவத்தைப் பக்கம் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் பொத்தான் போன்றவற்றை எடுக்கலாமா?” என்று அவர் விடாமல் கேட்டார். தென்மேற்குக் கரைப் பாறைகளில் வற்றுநீரில் தெரியும் அந்தப் பொத்தான்கள் முருகைக்கு உறவினர். சோவாந்து என்னும் வகையினர். அவற்றுட் சிலவற்றில் பலித்தொட்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. 1971இல் ஹவாயில் பிரித்தறியப்பட்ட அந்நஞ்சு, கடல் தரும் நஞ்சுகளுள் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. அவை ஒட்டிய கல்லைத் துப்புரவாக்க எண்ணி வெந்நீரில் வேகவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் வைத்தியசாலைக்குப் போன செய்திகள் மேல்நாடுகளில் பல. “தம்பி, கை வையாதேயும்” என்று சொல்லி முடித்தேன்.

அப்படியானால் எனக்கு முருகையின் உணவுமுறை எப்படித் தெரியும்? என் தமக்கையின் மகன் இலண்டனுக்கு வடமேற்கே ஹரோவில் வாழ்கிறான். அவன் வீட்டு முன்னறையில் முந்நூறு இலீற்றர் கொள்ளும் தொட்டி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள முருகைகள் கடலிலிருந்து பெயர்க்கப்பட்டவை அல்ல. பண்ணைகளில் நறுக்கி வளர்த்த நாற்றுகள். கரும்பைக் கணு கணுவாய் வெட்டி நடுவதுபோல் முருகையையும் துண்டாக்கிக் கல்லில் ஒட்டி வளர்க்கலாம். சென்ற ஆண்டு மூன்று மாதம் அவனோடு தங்கியிருந்தேன். வெளியே குளிர். எனக்கோ பகலில் வேலையில்லை. ஆகவே தொட்டியின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வாறு தொட்டிக்குள் முருகை வளர்க்கும் வழியைக் காட்டியவர்களுள் ஒருவர் ஆசியர் என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். ஜாகர்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், சிற்றுயிர்கள் நிறைந்த உயிருள்ள கல்லையும் கடல்நீரையும் காற்றுக்குமிழியையும் வெயிலையும் மட்டும் வைத்து முருகைகளைக் காத்த முறையை 1961இல் வெளியிட்டார். மேல்நாட்டார் பொறி மேல் பொறி பூட்டி நீரை வடித்துக்கொண்டிருந்த காலம் அது. கல்லில் வாழும் பற்றீரியங்களே கழிவைத் துப்புரவாக்கும் என்ற அவருடைய எளிய வழிக்குத்தான் பின்னாளில் பலரும் திரும்பி வந்தனர்.

பகலில் தொட்டியைப் பார்ப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் நடவாது. மூளை முருகை மடிப்பு மடிப்பாகப் பருத்துக் கிடக்கும். விளக்கு மங்கி நீலமாகும் வேளையில்தான் அதன் வாழ்வு தொடங்குகிறது. மடிப்புகளின் ஓரத்தில் கண்ணாடி நூல்போல் பரிசக்கொம்புகள் மெல்ல எழும். மருமகன் நீரோட்டப் பொறியை நிறுத்திவிட்டு, உப்பளங்களில் வாழும் ஆட்டீமியா என்ற நுண்ணிறாலின் குஞ்சுகளைக் குழாயால் ஊதுவான். குஞ்சு கொம்பில் பட்டதும் அவ்விடத்திலேயே நின்றுவிடும். கொம்பின் தோலில் இருக்கும் கொட்டும் கலங்கள் கண்ணிமைப்பதற்குள் நஞ்சூசியைப் பாய்ச்சிவிடுகின்றன. பின்பு கொம்பு வளைந்து வாயை நோக்கிச் செல்லும். வாய் திறக்கும். சிலவேளை இறால்சாறு ஒரு துளி நீரில் கலந்த மாத்திரத்திலேயே, உணவு தொடுமுன்பே, வாய் திறந்துவிடும். முருகைக்கு மூக்கில்லை; ஆனால் சுவை தெரியும். ஐதரா குளுட்டதையோன் என்ற சேர்வையை உணர்ந்தே வாய் திறக்கிறதென்று லூமிசு என்பவர் 1955இல் காட்டினார். முருகைகளிலும் அமினோவமிலங்கள் இத்தகைய அழைப்பாக அமைவது பின்னர் தெரியவந்தது.

இந்தச் சுவையுணர்வை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

தொட்டியில் கள்வரும் உண்டு. செந்நிறக் கோடிட்ட இறாலொன்று, மூளை முருகை விழுங்கிய துண்டை அதன் வாய்க்குள் காலை விட்டு இழுத்தெடுத்துத் தின்றதை நான் என் கண்ணால் கண்டேன். முருகை செய்வதறியாது வாயைத் திறந்தபடி இருந்தது. ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. ஆனாலும் அதனைச் சாது என்று எண்ணிவிடக் கூடாது. பக்கத்தில் வேறினத்து முருகை நெருங்கி வளர்ந்தால், தன் வயிற்றுக்குள்ளிருக்கும் சீரண இழைகளையே வெளியே நீட்டி அண்டை அயலை இரவோடிரவாகக் கரைத்துவிடும். யமேக்காக் கடலில் யூடித் லாங் என்ற அம்மையார் 1970களின் தொடக்கத்தில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். காணிச் சண்டை நம் ஒழுங்கைகளில் மட்டும் நடப்பதன்று.

எல்லா அசைவும் உணவுக்கான அசைவு அன்று என்பதையும் அத்தொட்டியிலேயே கண்டேன். செனியா என்ற மென்முருகை ஒன்று தன் சிறு கைகளை நாள் முழுதும் விரித்து விரித்து மூடிக்கொண்டேயிருக்கும். பார்ப்பவர் எவரும் அது எதையோ அள்ளி அள்ளி உண்கிறது என்றே சொல்வர். ஆனால் அது இரை பிடிப்பதைக் காண்பது அரிது. செங்கடலில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இப்புதிரை விடுவித்தது. உடலில் தேங்கும் ஒட்சிசனை விசிறித் தள்ளுவதற்காகவே அது கையாட்டுகிறது. ஒட்சிசன் தேங்கினால் ஒளித்தொகுப்பு மந்தமாகும். விலங்குக்கு ஒளித்தொகுப்பு ஏது என்று மாணவர் கேட்கலாம். இங்கேதான் முன்னே சொன்ன வேளாண்மை வருகிறது.

முருகையின் தசைக்குள், கலங்களின் உள்ளேயே, நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்றிமீற்றர் பரப்பில் பத்து இலட்சம் வரையிலும் அதற்கு மேலும் உண்டு. முருகைக்குத் தவிட்டு நிறமும் பொன்னிறமும் தருவன அவையே. அவை அங்கே என்ன செய்கின்றன என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. 1928–29இல் மொறிஸ் யங் தலைமையில் பிரித்தானியக் குழு ஒன்று அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைத் தொடரில் லோ தீவுகளில் தங்கி இதனை ஆராய்ந்தது. ஒளி புகாத பெட்டிக்குள் முருகையை அடைத்தார்கள். அல்காவை இழந்தபோதும் இரை கிடைத்தவரை அது உயிரோடிருந்தது. இரை கொடாமல் பட்டினி போட்டார்கள். அது அல்காவை வெளியே தள்ளியது. ஆகவே முருகை முழுப் புலாலுண்ணி. அல்கா அதன் கழிவை அள்ளும் துப்புரவாளன் மட்டுமே என்று யங் முடிவு கட்டினார்.

அந்த முடிவு முப்பது ஆண்டு நின்றது. 1958இல் மசுகற்றைன், ஹாண்ட் என்ற இரு அமெரிக்கர், கதிர்வீசும் காபனை அடையாளமாக இட்டு, கடற்சாமந்தி ஒன்றில் அல்கா சமைத்த உணவு விலங்கின் தசைக்குச் செல்வதைக் காட்டினர். முருகையிலும் அவ்வாறே என்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. அல்கா வெயிலில் ஆக்கியதில் பத்தில் ஒன்பது பங்கு வரைகூட வீட்டுக்காரனிடம் போய்ச் சேர்வதுண்டு. குடியானவன் வாரம் கொடுப்பதில் இவ்வளவு தாராளம் எந்த நாட்டிலும் இல்லை.

யங் முற்றிலும் தவறினார் என்றும் சொல்வதற்கில்லை. அல்கா தருவது பெரும்பாலும் வெல்லமும் கொழுப்பும். உடல் வளர்வதற்கு வேண்டிய நைதரசனும் பொசுபரசும் அதில் போதா. அவற்றை நீரில் மிதந்து வரும் நுண்விலங்குகளிலிருந்தே முருகை பெரும்பாலும் பெறவேண்டும். நம் பேச்சில் சொல்வதானால், வெயில் சோறு, இரை கறி. வெறுஞ்சோற்றில் உயிர் கிடக்கும், உடம்பு தேறாது. பூச்சட்டி முருகை என்றொரு வகை பகலிலேயே நீண்ட பொலிப்புகளை விரித்துப் பேரழகுடன் நிற்கும். வீட்டுத் தொட்டிகளில் அது பல்லாண்டுக் காலம் சில மாதம் மலர்ந்து, பிறகு சிறுகச் சிறுகச் சுருங்கி இறந்துகொண்டேயிருந்தது. விளக்கும் வெப்பமும் சரியாகத்தான் இருந்தன. நுண்ணுணவைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கப் பழகிய பின்புதான் பலரிடம் அது நிலைத்தது.

ஆனால் கறியை அள்ளிக் கொட்டினாலும் கேடே. உண்ணப்படாத தீன் அழுகி அமோனியாவும் நைத்திரேற்றும் ஆகி நீரைக் கெடுக்கும். பாசி படர்ந்து முருகையை மூடும். முருகைப் பாறை சூழ்ந்த கடல் தெளிந்த கடல். சத்துக் குறைந்த கடல். அந்த வறுமையில் சிக்கனமாக வாழப் பழகிய உயிர் இது. மருமகன் வாரத்திற்கு இரண்டு இரவு மட்டுமே ஊட்டுவான். அதைக்கூட நான் பார்க்க ஆசைப்பட்டதால் மூன்றாக்கினான் என்று நினைக்கிறேன்.

2022ஆம் ஆண்டு யூலையில் இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக நாற்பது பாகையைத் தாண்டியபோது அவன் தொட்டியும் சுட்டது. நீர் முப்பத்தொரு பாகையைத் தொட்டது. ஒரு வாரத்தில் இரண்டு முருகைகள் வெள்ளைத் துணி போல் வெளுத்துவிட்டன. இறந்தனவென்று வீட்டார் எடுத்தெறியச் சொன்னார்களாம். அவன் எறியவில்லை. கூர்ந்து பார்த்தால் கண்ணாடி போன்ற தசை அப்படியே இருந்தது. இரவில் கொம்புகளும் எழுந்தன. வெளுத்தல் என்பது சாவு அன்று. மிகுந்த வெப்பத்தில் அல்காவின் ஒளித்தொகுப்புப் பழுதுற்று நஞ்சான ஒட்சிசன் வடிவங்கள் பிறக்கின்றன. முருகையும் அல்காவும் பிரிகின்றன. தசை நிறமற்றதாகையால் அடியிலுள்ள சுண்ணாம்பு தெரிகிறது. குடியானவன் போய்விட்டான்; வயல் தரிசு; களஞ்சியத்தில் இருக்கும் சிறிது கொழுப்பு தீரும்வரை உயிர் நிற்கும். மருமகன் ஒவ்வோர் இரவும் ஊட்டினான். ஒன்று நான்கு மாதத்தில் நிறம் மீண்டது. மற்றது உணவைத் தொடவே இல்லை, இறந்தது.

தொட்டியில் நடந்த இச்சிறு நிகழ்ச்சிக்குக் கடலிலும் ஒப்பு உண்டு. ஹவாயில் குரொத்தோலி என்ற ஆய்வாளரும் துணைவரும் மூவகை முருகைகளை வெளுக்கச் செய்து, 2006இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒருவகை மட்டும், வெளுத்த பின் தன் வேட்டையைப் பலமடங்கு பெருக்கி, நாளாந்தத் தேவை முழுவதையும் இரையாலேயே ஈடு செய்துகொண்டது. மற்ற இரண்டும் அவ்வாறு செய்யவில்லை. தம் சேமிப்பைத் தின்றே நாளைக் கழித்தன. கொம்பை நீட்டி இரை தேடுவதா இல்லையா என்பதில், ஒரு முருகை பிழைப்பதும் மடிவதும் தங்கியிருக்கக்கூடும்.

நம் கடலில் 1998ஆம் ஆண்டின் கோடை அப்படிப்பட்ட சோதனையாக வந்தது. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைத் தொடரிலும் ஆழமற்ற நீரில் இருந்த முருகைகளின் பெரும்பகுதி வெளுத்து, பட்டினியில் மடிந்தது. திருகோணமலைப் பக்கம் அம்முறை தப்பியது. பார் தொடரில் தட்டு முருகைகள் ஆண்டாண்டாக மீண்டு தழைத்தன. 2016இல் மறுபடியும் வெப்பம் வந்து அவற்றைத் தாக்கியது. உலகளாவிய வெளுப்பு நான்காம் முறையாக நிகழ்கிறதென்று 2024இல் அறிவிக்கப்பட்டது. ஹிக்கடுவை 1979இலேயே சரணாலயம். 2002இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. வேலியிட்டுக் காக்கலாம், வெந்நீருக்கு வேலி ஏது?

இவ்வளவும் சொன்ன பின், முன்னர் மனத்தில் வைக்கச் சொன்ன சுவையுணர்வுக்கு வருகிறேன். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றி, யூன் மாதத்தில் அமிழ்ந்தது. அதிலிருந்த பிளாத்திக்கு மணிகள் 1,600 தொன்னுக்கும் அதிகம். அவை மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. பயணத்தடை நீங்கிய பின், அவ்வாண்டின் பிற்பகுதியில், புகையிரதப் பாதையைக் கடந்து வெள்ளவத்தைக் கரையில் இறங்கி நடந்தபோது மணலோடு மணலாக அவற்றைக் கண்டேன். பச்சரிசிக் குறுநொய் சிந்திக்கிடப்பதாகவே முதலில் தோன்றியது. நமக்கு அது கண்ணின் மயக்கம். முருகைக்கோ கண்ணில்லை, நாவின் மயக்கம் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஒரு சோதனை செய்தனர். முருகையின் கொம்பில் மணலைப் போட்டால் உதறிவிட்டது. அதே அளவான பிளாத்திக்குத் துகளைப் போட்டபோது கொம்பு வளைந்தது, வாய் திறந்தது, விழுங்கியது. பாசி படர்ந்த துகளைவிடப் புதிய துகளையே மிகுதியாக விரும்பியது. ஆகவே பிளாத்திக்கில் சேர்ந்த ஏதோ ஒரு பொருளின் சுவையே அதை அழைத்திருக்க வேண்டுமென்று அவர்கள் கருதினர். விழுங்கியதில் பெரும்பகுதியைச் சில மணி நேரத்தில் அது உமிழ்ந்துவிட்டது. சிறு பங்கு ஒரு நாள் கழிந்தும் வயிற்றிலேயே கிடந்தது.